எண்பத்தைந்து கிலோ குதிரை

"கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவா. தூங்கற குழந்தையைக் கீழ படுக்கவைக்கற மாதிரி. ஆங்... இப்பச் சொல்லுங்க, குதிரைக்கு முட்டி வலி வந்து எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

வண்டி முதல் கியரில் திணறிக்கொண்டிருந்தது. எதிரே லாரி. பின்னால் வழி கேட்டு அலறும் பஸ். ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த நேரத்தில் குதிரையின் முட்டியைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இருக்கவில்லை. "இல்ல மாஸ்டர்" என்றாள், உயிர் பிழைத்தால் போதும் என்று.

"வராது. ஏன் வராது? அங்கதான் விஷயமே இருக்கு" என்று மாஸ்டர் இருக்கையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதால் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வாய்க்குத்தான் கிடையாது.

ஊரில் பேச ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். அவர்களில் யாருக்கும் கிடைக்காத பாக்கியம் மாஸ்டருக்குக் கிடைத்திருந்தது. கேட்பவர் எழுந்து போக முடியாது. சீட் பெல்ட் போட்டிருப்பார். மறுத்துப் பேச முடியாது. கண்ணாடி பார்க்க வேண்டும், கியர் மாற்ற வேண்டும். இப்படி எதிர்ப்பே இல்லாத சபையில் இருபது வருஷம் பேசிப் பழகியவருக்குத் தான் சொல்வதெல்லாம் சரி என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. முன்பு காந்த வளையலைப் பற்றிப் பேசினார். அப்புறம் செம்புப் பாத்திரத்துத் தண்ணீர். மூன்றாவதாகத்தான் குதிரை வந்தது.

வலி என்னவோ நிஜம். பகலெல்லாம் பிரேக்குக்கு மேலே காலைத் தூக்கி வைத்திருந்ததில் முட்டி இரண்டும் போய்விட்டன. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "எடையைக் குறைங்க, தினமும் நடங்க" என்றார். "இதைச் சொல்றதுக்கா வாசல்ல அவ்வளவு பெரிய போர்டு?" என்று மனைவியிடம் பொருமினார் மாஸ்டர். அன்று இரவே கைபேசியில் அவருக்கு ஏற்ற டாக்டர் கிடைத்தார். வெள்ளைக் கோட்டு. பின்னால் அலமாரி நிறையப் புத்தகங்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். குதிரைக்குப் புழு நீக்கக் கொடுக்கும் பசை மருந்து, மனிதனுக்கு முட்டி வலி, சளி, காய்ச்சல், வழுக்கை எல்லாவற்றையும் போக்கிவிடும் என்றும், தங்கள் பிழைப்பு போய்விடும் என்று மருந்துக் கம்பெனிகள் இதை மூடி மறைக்கின்றன என்றும் அவர் சொன்னார். மூடி மறைக்கப்பட்ட அந்த ரகசியத்தை அதற்குள் பதினெட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் கால்நடை மருந்துக் கடையில் நின்றார்.

"குதிரை எத்தனை?" என்றான் கடைக்காரன்.

"ஒண்ணுதான்."

"எடை?"

"எண்பத்தஞ்சு கிலோ."

கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். "குட்டியா?"

"ஆமா. கொஞ்சம் வயசான குட்டி."

ஊசி போடும் சிரிஞ்சைப்போலத் தடித்த பிளாஸ்டிக் குழாய். பின்பக்கத்தை அழுத்தினால் முன்னால் பசை வரும். குதிரை துப்பிவிடாமல் இருக்க அதில் ஆப்பிள் வாசனை சேர்த்திருந்தார்கள். நாக்கில் தடவிப் பார்த்த மாஸ்டருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. "மணக்குதுடி! கெடுதலா இருந்தா மணக்குமா?" என்றார். தினம் காலையில் ஒரு விரல் அளவு. மனைவி ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஆயிரம் பிள்ளைகளின் அப்பாக்களைச் சமாளித்துப் பழகியவள். வாதாடவில்லை. "தண்ணியாவது குடிங்க மேல" என்றாள்.

லைசென்ஸ் அலுவலகத்து வரிசையில்தான் விஷயம் ஊர்ப்பொதுவாயிற்று. எல்லா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களும் ஆட்களை அழைத்துக்கொண்டு காலையில் அங்கே கூடுவார்கள். ஜன்னல் திறக்கும்வரை வேறு வேலை கிடையாது. மாஸ்டர் தன் மருந்தை அறிவித்த நாளிலேயே வரிசை இரண்டாகப் பிளந்தது. ஒன்று குதிரைக் கட்சி, மற்றது மாத்திரைக் கட்சி. வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் குதிரைக் கட்சியின் செயலாளராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். மாத்திரைக் கட்சிக்குத் தலைமை தாங்கியவர் எதிர்த் தெரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி. நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் என்பதால் அவருக்குச் சைலன்சர் என்று பெயர். மாஸ்டர் வரிசையில் வந்து நின்றதும் சைலன்சர் தலையை உயர்த்தி, உதட்டைப் படபடவென்று அடித்துக் கனைப்பார். அலுவலகமே சிரிக்கும். உள்ளே இருந்த குமாஸ்தாவும் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். ஒருநாள் மாஸ்டரின் வண்டி பானெட்டின் மேல் ஒரு கட்டுப் புல் இருந்தது.

"உண்மையைச் சொன்னவனை உலகம் எப்பவும் இப்படித்தான் நடத்தும்" என்றார் மாஸ்டர், புல்லைத் தட்டிவிட்டபடி. அவமானம் அவருக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. ஒரு சுற்றுப் பெருத்தார்.

அப்போதுதான் கால்நடை டாக்டர் ஒருத்தி வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தாள். மாஸ்டருக்குப் புதையல் கிடைத்ததுபோல ஆயிற்று. "நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா. குதிரைக்கு நல்லதுன்னா மனுஷனுக்கும் நல்லதுதானே?"

"ஐந்நூறு கிலோ உடம்புக்கு அளந்து பண்ணின மருந்து மாஸ்டர் அது. அளவு மீறினா குதிரையே கண்ணு தெரியாமத் தள்ளாடும். உங்களுக்கு எதுக்கு?"

"நீங்களும் டாக்டர்தானே. அப்படித்தான் சொல்வீங்க" என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார் மாஸ்டர். அவளுடைய அபிப்பிராயம் கேட்கப்பட்டது, சொல்லப்பட்டது. ஒத்துப்போகாததால் அது அபிப்பிராயம் இல்லை என்றாகிவிட்டது.

அடுத்த வாரம் டாக்டரம்மா ஓட்டிக்கொண்டிருந்தபோது, "ரோடு காலி. தைரியமா நேராப் போங்க" என்றார். அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. பானெட்டுக்கு ஒரு முழம் முன்னால் கைத்தடியோடு ஒரு பெரியவர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். மாஸ்டரின் கண்ணுக்கு அவர் வெயிலில் ஆடும் ஒரு சாம்பல் கறையாகத்தான் தெரிந்தார். மாஸ்டரின் கால் தன் பிரேக்கைத் தொடவே இல்லை.

"பார்த்துட்டுத்தான் இருந்தேன். நீங்க பிடிக்கறீங்களான்னு டெஸ்ட் பண்ணினேன்" என்றார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இருபது வருஷத்தில் முதல்முறையாக அன்று திரும்பி வரும்வரை அவர் பேசவில்லை.

சாயந்தரம் விண்ணப்பத்துக்குப் போட்டோ கொடுக்க வீட்டுக்கு வந்த டாக்டரம்மா, சமையலறையில் மனைவியோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் முன்னறையில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கண் மங்குவது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று வெள்ளைக் கோட்டு சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நன்மையாகவே நடந்தது. மருந்தின் ருசி கூடியது. "கம்பெனிக்காரன் முன்னேறிட்டான்" என்றார். கண் தெளிந்தது. "உடம்பு பழகிடுச்சு" என்றார். மனைவிக்குத்தான் மறதி முற்றிவிட்டது. சாயந்தரமானால் உப்பு இல்லை என்பாள். வாங்கி வந்தால் தீப்பெட்டி இல்லை என்பாள். அதுவும் பக்கத்துக் கடைத் தீப்பெட்டி நமுத்திருக்கும், மார்க்கெட் கடையில்தான் வாங்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். இரண்டு மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. முட்டி வலி பாதியாகக் குறைந்தது. லைசென்ஸ் அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து காட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரர் கை தட்டினார். அன்று சைலன்சரின் கனைப்பில் சுரத்தே இல்லை.

சில நாள் கழித்து ஒரு சாயந்தரம் மாஸ்டர் வீட்டு வாசலில் சைலன்சர் வந்து நின்றார். கதவைத் திறந்த மாஸ்டருக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை. அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகிக் கேட்டதே இல்லை.

"அண்ணே" என்றார் சைலன்சர். மாஸ்டர் என்றுகூடச் சொல்லாதவர். "வீட்ல அவளுக்கு ஒரு வாரமாக் காய்ச்சல். காலையிலேர்ந்து மூச்சு வாங்குது. உதடெல்லாம் ஒரு மாதிரி கறுத்திருக்கு. ஆஸ்பத்திரின்னா பயப்படறா. அவ அக்கா போனவங்க திரும்பி வரல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. உங்க மருந்து ஒண்ணு குடுங்கண்ணே. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க? உங்களைக் கண்ணால பார்த்தேனே."

வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிஷம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எதிர்க்கட்சித் தலைவர் வீடு தேடி வந்து, பொதுவில் சிரித்ததற்கெல்லாம் தனியாகக் கைகூப்பி நிற்கிறார். மாஸ்டர் நெஞ்சு நிமிர்ந்து உள்ளே போனார். அலமாரியிலிருந்து புதிய குழாயை எடுத்தார். மனைவி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அதைக் கொடுக்காதீங்க."

"ஏன்?"

"அது ஜாம்."

மாஸ்டர் குழாயைப் பார்த்தார்.

"ஆப்பிள் ஜாம். மிக்ஸியில அடிச்சு நான்தான் ரொப்பினேன். அந்தப் பெரியவர் மேல மோதப் பார்த்தீங்களாமே, அன்னியிலேர்ந்து. நிஜ மருந்தை எல்லாம் டாக்டரம்மாகிட்டயே கொடுத்துட்டேன். அவங்ககிட்ட வைத்தியத்துக்குக் குதிரை வருது."

"அப்ப என் முட்டி?"

"தினம் மார்க்கெட்டுக்கு நடந்தீங்கல்ல? டாக்டர் சொன்னது அதுதானே."

கோபம் காதுவரை ஏறியது. இத்தனை நாள் ஊரைக் கூட்டி உபதேசம் செய்தது ரொட்டியில் தடவுகிற சமாசாரத்தையா? திறந்த கதவு வழியாகச் சைலன்சர் தெரிந்தார். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். ஒரு கணம், ஒரே கணம், மாஸ்டரின் மனம் கணக்குப் போட்டது. ஜாம் யாரையும் கொல்லாது. கொடுத்துவிடலாம். பிழைத்தால் குதிரைக்கு வெற்றி. பிழைக்காவிட்டால் லேட்டாக வந்தீர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். வெள்ளைக் கோட்டு அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"உதடு கறுத்திருக்குன்னானே" என்றார் மனைவியிடம். குழாயை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"மருந்து கிடையாதுப்பா. வண்டியை எடுக்கறேன், வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"தீர்ந்துபோச்சாண்ணே? நீங்க சாப்பிட்டது..."

"நான் சாப்பிட்டது ஜாம்."

சைலன்சர் புரியாமல் பார்த்தார்.

"ஜாம்யா. ஆப்பிள் ஜாம். மொதல்ல சாப்பிட்டது குதிரை மருந்து, அதுல கண்ணு மங்கி ஒரு பெரியவரைக் கொல்ல இருந்தேன். இதை நாளைக்கு நின்னு சிரிச்சுக்கலாம். இப்ப வா."

டிரைவிங் ஸ்கூல் வண்டியிலேயே, மேலே பலகையோடு, சைலன்சரின் மனைவியைப் பின் இருக்கையில் படுக்கவைத்துக்கொண்டு மாஸ்டர் ஓட்டினார். தலைமாட்டில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள், மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்தார்கள். இன்னும் ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அவளைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனபோது சைலன்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். அந்த அழுகைக்கும் சத்தமே இல்லை.

பத்து நாளில் அவள் வீடு திரும்பினாள். சைலன்சர் மறுபடி வரிசையில் வந்து நின்ற அன்று எல்லோரும் கனைப்புக்காகக் காத்திருந்தார்கள். அவர் கனைக்கவில்லை. ஜாம் விஷயத்தை அவர் யாரிடமும் மூச்சு விடவும் இல்லை. மாஸ்டர்தான் தாமாகவே எல்லாவற்றையும் சொன்னார், பெரியவர், கண், ஜாம் உட்பட. பிறகு ஜெராக்ஸ் கடைக்காரர் முன்னால் வந்தார்.

"உங்களை மருந்துக் கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கிட்டான்" என்றார், கண் கலங்க.

குதிரைக் கட்சி மாஸ்டரை நீக்கியது. இப்போது அந்தக் கட்சி முன்னைவிடப் பலமாக இருக்கிறது என்று கேள்வி. ஜெராக்ஸ் கடைக்காரர் ஆட்டு மருந்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் காலையில், மனைவி வழக்கம்போல மேஜையில் குழாயை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, குழாயை முழுசாக அதன்மேல் பிதுக்கி, ஓரம்வரை நிதானமாகத் தடவினார். இரண்டாகப் பிய்த்தார். பெரிய பாதியைத் தட்டில் வைத்து, அவள் பக்கமாக நகர்த்தினார்.