அதே கட்டில்

"பிப்ரவரி, திங்கள், காலை 7.40. ஆறாம் கட்டில் என்னிடமிருந்து பறிக்கப்பட்டது." இங்கிலாந்தில் நான் நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரியில், நின்றபடியே நாட்குறிப்பில் எழுதிய வரி இது. 'பறிக்கப்பட்டது' என்பதை இப்போது அடிக்கத் தோன்றுகிறது. எழுதியதைத் திருத்துவது என் வழக்கமில்லை.

முந்தின நாள் அந்தக் கட்டிலில் இருந்த முதியவர் என் கண்முன்னே இறந்துபோனார். மறுநாள் வார்டு பொறுப்பாளர் ஹெலன் என்னை வேறு பகுதிக்கு மாற்றி, கையில் ஒரு டீயும் கொடுத்தார். "நான் ஏதாவது தப்பு செய்தேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் விழித்தார். "தப்பா? நேற்று உனக்கு மோசமான நாள் இல்லையா?" என்றார். அப்போதும் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டேன்.

தூத்துக்குடியில் நாங்கள் பழகிய முறை நேரெதிர். ஒரு நர்சின் கையில் உயிர் போனால், மறுநாள் டூட்டியில் அவளுக்கு அதே கட்டில்தான். பயம் தெளியும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். தெளிந்தது என்று நம்பினேன். பிரசவ வார்டுக்கு இன்சார்ஜ் ஆனதும் நானும் அதையே செய்தேன். மணப்பாட்டுக் கடலோரத்துப் பெண் ஸ்டெல்லாவுக்கு அப்போது வேலையில் இரண்டாம் வருடம். அவள் பார்த்துக்கொண்ட தாய் ஒருத்தி இரத்தப்போக்கில் இறந்த மறுநாள் ஸ்டெல்லா என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் அந்தக் கட்டில் வேண்டாம்க்கா. கை நடுங்குது."

"ஏளா, கடலப் பாத்து வளந்தவ நீ, கட்டிலுக்கா பயப்படுத?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று அந்தக் கட்டிலுக்கு வந்த பெண்ணுக்கு அரைமணி நேரத்தில் நான்கு முறை பிரஷர் பார்த்தாள். நான் அதைக் கவனம் என்று எடுத்துக்கொண்டேன். டூட்டிப் புத்தகத்தில் "எல்லாம் சீர்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இருபதாம் நாள் ராஜினாமா கொடுத்தாள். காரணம்: குடும்பச் சூழ்நிலை.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் செய்யும் நாட்கள் இங்கும் உண்டு. மன அழுத்தம் பற்றிய சுவரொட்டிக்கு அடியில் நின்றுதான் ரொட்டியை விழுங்குகிறோம். ஊரில் யாராவது அழுதால், "ஏளா, உப்பளத்துக்குத் தண்ணி பாச்சுதியா?" என்று கேலி பேசி டீ வாங்கித் தருவோம். அந்தக் கேலி எங்களைப் பல நாள் தாங்கியிருக்கிறது. ஆனால் ஹெலன் என்னை மாற்றிய அன்று, புதிய பகுதியில் ஊசி மருந்தை எடுக்கும்போது என் கை நடுங்கியது. இப்படி ஆகும் என்பதை நான் சொல்லாமலே ஹெலன் முன்பே பார்த்திருக்கிறார். ஸ்டெல்லா வாய்விட்டுச் சொல்லியும் நான் பார்க்கவில்லை.

தூத்துக்குடியில் இன்னும் அதே பிரசவ வார்டில் இருக்கும் தோழி ஜெயராணியைப் போனில் கூப்பிட்டு, ஸ்டெல்லாவைப் பற்றி விசாரித்தேன்.

"இத்தன வருசம் கழிச்சு என்னத்துக்குளா கிண்டுத? அங்க ஒனக்கு வேல இல்லியா?" என்றாள். பிறகு குரல் தணிந்தது. "பள்ளிக்கூடத்துல வேல பாக்கான்னு ஒருத்தி சொல்லுதா. குவைத்துல நர்சா இருக்கான்னு இன்னொருத்தி சொல்லுதா. பழைய நம்பர் ஒண்ணு கெடக்கு, தாரேன்."

அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுத உட்கார்ந்தேன். இங்கிலாந்து வழக்கப்படி "தவறு என்னுடையது" என்று நேராகத் தொடங்கினேன்; மணப்பாட்டுப் பெண்ணுக்கு எழுதுகிற மாதிரியே இல்லை. அழித்துவிட்டு, "சாப்பிட்டியாளா?" என்று தொடங்கினேன், தப்பித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. கடைசியில் இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அனுப்பினேன். பதினோரு நாளாக ஒற்றை டிக்; செய்தி போய்ச் சேரவில்லை. அந்த எண் இன்னும் அவளுடையதுதானா, அவள் வேலையை விட்டது அந்தக் கட்டிலால்தானா என்பவை இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.