பக்கத்துக் கட்டிலுக்குப் போன காய்ச்சல்

எழுபதுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் பூச்சு வேலை செய்யும்போது என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மூத்திரம் போக டியூப் போட்டார்கள். வலியைவிட அந்த டியூப்தான் அவரைக் கூச வைத்தது. யாராவது பார்க்க வந்தால், "துண்டை எடுத்து அதுமேல போடு" என்பார் என்னிடம்.

சில நாளில் குளிர்காய்ச்சல் வந்தது. கட்டிலே ஆடும் நடுக்கம். மூத்திரம் கலங்கலாக இறங்கியது. ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள்; காலையில் விட்ட காய்ச்சல் சாயங்காலம் திரும்பி வந்தது. பிறகு மூத்திரத்தை லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"இது ஆஸ்பத்திரியிலேயே உள்ள கிருமியாக்கும். சாதாரண மருந்து ஒண்ணும் இதுக்கு ஏக்காது. கடுமையான ஊசி ஒண்ணு உண்டு. காதைக் கொஞ்சம் பாதிக்கலாம். ஆனா வேற வழியில்லை."

நான் தலையாட்டினேன்.

அதற்குள், பக்கத்துக் கட்டிலில் இவரைப் போலவே எழ முடியாமல் கிடந்த ஒரு படகுக்காரருக்கும் அதே காய்ச்சல். அவருக்கும் டியூப்தான். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான்தான் அவருக்குக் கொடுத்துட்டேன். இனி அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

கஞ்சி வேண்டாம் என்றார். படகுக்காரர் கூப்பிட்டாலும் பேச்சில்லை. தாங்க முடியாமல் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் வந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவே நின்றார்.

"நீங்க ரெண்டு பேரும் கட்டிலை விட்டு இறங்கினதே இல்லையே, எப்படிக் கொடுப்பீங்க? எல்லாரோட மூத்திரத்தையும் ஒரே ஜாடியில அளந்தோம். எங்க கை வழியாத்தான் வந்திருக்கும். தப்பு எங்களோடதுதான்."

ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கே ஆளுக்கொரு ஜாடி வந்தது. நர்ஸுகள் கட்டிலுக்குக் கட்டில் கை கழுவினார்கள்.

படகுக்காரர் காய்ச்சலோடு சிரித்தார். "அப்போ அண்ணாச்சி எனிக்கு ஒண்ணும் தரலை. ஒரு பீடியாவது தா!"

என் வீட்டுக்காரர் மெல்லத் திரும்பினார். கண் நனைந்திருந்தது.

புது ஊசி கேட்டது. இருவருக்கும் காய்ச்சல் இறங்கியது. டியூபை எடுத்த அன்று, "தானா வருது!" என்று அவர் போட்ட சத்தத்தில் வார்டே சிரித்தது. கூச்சமெல்லாம் எங்கே போனதோ.

படகுக்காரர் முதலில் வீட்டுக்குப் போனார். நாங்கள் பிறகு வந்தோம். இவருக்கு இடது காது மந்தமாகிவிட்டது. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். நான் போய்த் தோளைத் தொடுவேன்.