விஷம் என்று எழுதியவள்

ஆவடி பஸ் ஸ்டாண்டில் இருமிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கஸ்தூரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது இருமலில், "நானூத்தித் தொண்ணூத்தி மூணு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஆஸ்துமாவுக்கு அந்த எண். வீட்டில் சர்க்கரை நோயுள்ள கணவர் குணசேகரன் மைசூர்பாகுக்குக் கை நீட்டினால், "இருநூத்தம்பதுக்கு இனிப்பு எதுக்கு?" என்று டப்பாவை மூடிவிடுவாள். தொழிற்சாலைக் குடியிருப்பில் அவர்கள் வரிசையில் யாருக்கு என்ன எண் என்று அவளுக்கு அத்துப்படி. ஒருவருடையதை இன்னொருவரிடம் சொன்னதில்லை.

வேலை, நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரியில். நோயாளி வீடு திரும்பியதும் அவருடைய கேஸ் ஷீட் மாடிப்படிக்கு அடியிலுள்ள இவள் அறைக்கு வரும். டாக்டர் எழுதிய நோய்க்கு, உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு தடிப் புத்தகத்தைப் பார்த்து எண் போட வேண்டும். யோசிக்கும்போது கீழுதட்டைப் பிதுக்கிக்கொள்வாள். கையெழுத்து விளங்காவிட்டால் ஊகிக்க மாட்டாள். டாக்டர் சாப்பிடுகிற மேஜைக்கே போய் நிற்பாள். "சாம்பார் ஆறினா பரவால்ல சார், இது இன்னா எழுத்துன்னு சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

தொண்ணூற்று மூன்றில் ஒரு மழைக்காலத்தில் ஞானம்மாளின் ஷீட் வந்தது. நெமிலிச்சேரிக்காரி; ஐந்து மாதக் கர்ப்பம். உடைந்த விளக்குக் கண்ணாடி உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. அதை எடுக்க டாக்டர் ஜானகிராமன் மரத்துப்போகும் ஊசி போட்டார். வலி அடங்கவில்லை. மேலும் போட்டார், இன்னும் கொஞ்சம் போட்டார். ஒல்லி உடம்பு தாங்கவில்லை. முதலில் உதடு மரத்தது, பிறகு காது இரைந்தது, அப்புறம் வலிப்பு. நல்லவேளையாகத் தாயும் பிழைத்தாள், வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தது. டாக்டர் எதையும் மறைக்காமல், மருந்தின் அளவு மிஞ்சிவிட்டது என்றே எழுதியிருந்தார்.

புத்தகத்தில் இதற்கு இரண்டு இடங்கள். சரியான அளவில் கொடுத்தும் உடம்பு ஏற்காவிட்டால் ஓரிடம். அளவு மிஞ்சினால் வேறிடம். அது எலி மருந்து, மண்ணெண்ணெய்க்கெல்லாம் பக்கத்திலே, விஷங்களின் பகுதியில் இருக்கிறது. கஸ்தூரி தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு என்று எழுதினாள். நோயாளிக்குக் கொடுக்கும் அச்சுத் தாளில் அந்த எண்ணுக்கு நேரே 'பாய்சனிங்' என்று விழுந்தது.

மறுவாரம் அந்தத் தாளைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு ஞானம்மாளின் கணவன் பால்ராஜ் அறை வாசலில் நின்றான். அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. பட்டறை சூப்பர்வைசர் தாளைப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

"இன்னாமா எழுதிகீறே? எம் பொண்டாட்டி பாய்சன் துன்னாளா? ஏற்கெனவே தெருவுல, புருசன் கொடும தாங்காம மருந்து குடிச்சிட்டாள்ன்றானுங்க. இத்தப் பாத்தா நான் உள்ள போவணும்!"

அவன் பின்னால் ஞானம்மாள், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டு ஜானகிராமன் இறங்கி வந்தார்.

"உடம்புக்கு ஒத்துக்கலன்னு மாத்திடுங்களேன், கஸ்தூரி. அவருக்கும் நிம்மதி." எல்லோரையும் பார்த்தவர் ஞானம்மாளை மட்டும் பார்க்கவில்லை.

கஸ்தூரி கீழுதட்டைப் பிதுக்கினாள். மாற்றுவது பேனாவுக்கு ஒரு நொடி வேலை. தனக்கும் வம்பில்லை. பால்ராஜை விட்டுவிட்டு அவள் ஞானம்மாளிடம் பேசினாள்.

"இங்க பாரும்மா. ஒத்துக்கலன்னு எழுதினா, இனிமே எந்த ஆஸ்பத்திரியிலயும் உனக்கு மரத்துப்போற ஊசி போட பயப்படுவாங்க. நாளைக்குப் பிரசவத்துல தையல் போடணும்னா அப்படியேதான் போடுவாங்க. மருந்து கெட்டதில்ல, அளவுதான் ஜாஸ்தியாயிடுச்சு. சார்தான் சொல்லணும், அது நிஜமா இல்லையான்னு."

ஜானகிராமன் ஞானம்மாளின் பக்கம் திரும்பினார். நெற்றி வியர்த்திருந்தது.

"நிஜந்தாம்மா," என்றார். "நான்தான் அதிகமாப் போட்டுட்டேன். அளவாப் போட்டா உனக்கு ஒண்ணும் ஆவாது."

பால்ராஜ் வாயைத் திறந்தான். ஞானம்மாள் அவனை முந்திக்கொண்டாள்.

"நீ சும்மா இருய்யா. தெருவுல கேக்கறவங்களுக்கு நா பதில் சொல்லிக்கறேன். தையல் போடறப்ப கத்தப்போறது நீயா, நானா?" கஸ்தூரியின் பக்கம் திரும்பினாள். "எழுதினது இருக்கட்டுங்க்கா. ஆனா அந்தப் பாய்சன் பக்கத்துல, நானா ஒண்ணும் குடிக்கலன்னு தமிழ்ல ஒரு வார்த்த போட்டுக் குடு."

கஸ்தூரி எழுதினாள்: 'கைக் காயத்துக்கு ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியின் அளவு கூடியதால் ஏற்பட்டது.' ஜானகிராமன் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

பால்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிள் எடுக்க எதிர்ச்சாரிக்குப் போனான். கஸ்தூரி வாசல்வரை ஞானம்மாளோடு வந்தாள். சாலையில் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. ஞானம்மாளின் கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டு கஸ்தூரி சாலையில் இறங்கினாள். ஹாரன் அலற வந்த ஒரு லாரியை நோக்கி, பேனா பிடித்திருந்த கையை நேராக நீட்டி நிறுத்தினாள்.