மிக்கேல் திருநாளில் வேன் தீவுக்குப் போன போயெல்

லாண்ட்ஸ்க்ரோனா கோட்டையில் சிப்பாய்களின் சட்டை வெளுப்பதுதான் போயெல் அக்காவின் பிழைப்பு. முதலில் டேனிஷ்காரன் சட்டை, ஊர் கைமாறியதும் ஸ்வீடன்காரன் சட்டை. நடுவில் டேனிஷ் படை ஊரைத் திரும்பப் பிடித்து, மூன்று வருஷம் வைத்திருந்து, மறுபடி விட்டுப் போனது. "அழுக்குல என்னடா உங்க ராஜா, எங்க ராஜா?" என்பாள்.

அந்த மூன்று வருஷத்தில்தான் அவளுடைய ஒரே மகன் யெஸ்பர் டேனிஷ் படையில் சேர்ந்து தொலைத்தான். படை கப்பலேறியபோது அவனும் போனான். இனி இந்த ஊரில் கால் வைத்தால் தூக்குதான். எதிர்க்கரையிலுள்ள டென்மார்க் கண்ணுக்குத் தெரியும் தூரம். ஆனாலும் இருபத்தொரு வருஷம் அவள் மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

1700-ஆம் வருஷக் கோடைச் சண்டை ஓய்ந்ததும், கடலில் மீன் வாங்க வந்த கோபன்ஹேகன் வியாபாரி என் மீன்படகருகே வந்து சேதி சொன்னான். மிக்கேல் திருநாளன்று யெஸ்பர் நடுக்கடலிலுள்ள வேன் தீவுக்கு வருவான், அப்புறம் தரங்கம்பாடிக் கப்பலில் தச்சனாகப் போய்விடுவான், அம்மா வரவேண்டும். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"டேய் ட்ருல்ஸ், குடிச்சிட்டு உளறலையே?"

"நீயா வாங்கிக் குடுத்தே, குடிக்க?"

திருநாளன்று புகையில் வாட்டிய விலாங்கும் கறுப்பு ரொட்டியும் கட்டிக்கொண்டு படகில் ஏறினாள். "வழுக்கை விழுந்திருக்குமோ அவனுக்கு?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

தீவின் கரையில் யாருமில்லை. மத்தியானம்வரை காத்திருந்தோம். ஆடு ஓட்டி வந்த ஒருத்தி எங்களை விசாரித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ஆளு பத்து நாளைக்கு முந்தியே வந்துட்டுப் போயிட்டாரே. காலையிலேர்ந்து இருட்டுற வரைக்கும் இங்கதான் உக்காந்திருந்தாரு. அம்மாவுக்கு என்னைப் பார்க்க மனசில்ல போலன்னு அழுதாரு."

அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. அந்த வருஷம் டென்மார்க்கில் நாள்காட்டியை மாற்றி, தேதியை முன்னே தள்ளியிருந்தார்கள். எங்களுக்குப் பத்து நாள் முந்தியே அவர்களுக்குத் திருநாள் வந்து போய்விட்டது. நாள்காட்டி விஷயம் என் காதிலும் விழுந்ததுதான், பாவி. மிக்கேல் திருநாள்கூடக் கரைக்குக் கரை மாறும் என்று தோன்றவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் வந்தேன்னு அவன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாடா" என்றாள்.

மறுநாளே கோபன்ஹேகனுக்குப் போனேன். கப்பல் கிளம்பி நான்கு நாளாகியிருந்தது.

திரும்பி வந்தபோது துறையிலேயே நின்றிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"அவன் என்ன சொன்னான்?"

அடுத்த பொய் வாயில் வரவில்லை. கயிறு கட்டுவதுபோல் குனிந்துகொண்டு அழுதேன்.