அத்தானும் மஞ்சள் கோடும்

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் இருந்த சின்ன விமான நிலையத்தில் வேலை பார்த்தேன். இறங்கி வரும் விமானத்தைக் கைகாட்டி அழைத்து, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவது என் பொறுப்பு. கைக்கு ஒன்றாக இரண்டு ஆரஞ்சு மட்டைகள், காதுக்கு மூடி. பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் தங்கித் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். "என் மச்சினன் காட்டுற இடத்துலதான் பிளேன் நிக்கும், தெரியுமா வே?" என்று அத்தான் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

எங்களுக்கு வந்தது சின்ன விமானம். இறக்கைக்கு ஒரு விசிறி. பயணிகள் தரையிலேயே நடந்து போய் ஏறுவார்கள், இறங்கி நடந்தே வெளியே வருவார்கள். எனக்குப் பயம் அந்த நடையில்தான். விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். எஞ்சினை அணைத்த பிறகும் சற்று நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தோம். விசிறி நின்று, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நான் சரி என்று காட்டும்வரை யாரும் அதைத் தாண்டக்கூடாது. கட்டை வைப்பவர் ராதாபுரத்துக்காரர். முன்பு லாரியில் கிளீனராக இருந்தவர். அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

அத்தான் அப்போது கட்சியில் வட்டச் செயலாளர். ஒருநாள் காலை இட்லிக்கு முன்னால் உட்கார்ந்தபடி, "மாப்ள, இன்னைக்குத் தலைவரு மெட்ராஸ்லேருந்து வாராரு. நாங்க உள்ள வந்து ஏணிகிட்டயே மால போடுதோம்" என்றார்.

"வாசல்ல வச்சுப் போடுங்க அத்தான். உள்ள வரக்கூடாது."

"அதெல்லாம் மேலேருந்து போன் பேசியாச்சு."

உண்மைதான். எங்கள் மேலாளர் பத்துப் பேருக்கு அனுமதி கொடுத்திருந்தார். வந்தவர்கள் இருபத்தைந்து பேருக்குக் குறையாது. ஆளுயர ரோஜா மாலைகள், பொன்னாடைகள். "விசிறி நிக்கிற வரைக்கும் இங்கனயே நில்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, கோட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

விமானம் இறங்கித் திரும்பி எங்களை நோக்கி வந்தது. ஜன்னலில் தலைவர் முகம் தெரிகிறது என்று யாரோ கத்தியிருக்க வேண்டும். காதை மூடியிருந்த எனக்கு அது கேட்கவில்லை. ஓரக்கண்ணில் வெள்ளை வேட்டிகள் அசைவது மட்டும் தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் அத்தான், இரண்டு கையிலும் மாலையோடு கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

நான் யோசிக்கவில்லை. மட்டைகளைத் தலைக்குமேல் குறுக்காகத் தூக்கிப் பிடித்தேன். நில் என்று பொருள். விமானி பார்த்துவிட்டார். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே விமானம் குலுங்கி நின்றது. எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அத்தான் என்னிடம் வந்து காது மூடியை இழுத்தார். "ஏலே, எதுக்கு அங்கன நிறுத்திட்ட? கூப்பிடுலே!"

"கோட்டுக்குப் பின்னால போங்க அத்தான்."

"எல்லாரும் பாக்குதாங்க. என் மானத்த வாங்காத."

மேலாளரும் ஓடிவந்து, "விடுப்பா, வரட்டும்" என்றார். கையை இறக்கினால் விமானம் நகர்ந்துவிடும். தோள்பட்டை கடுத்தது. தூக்கிய கையை நான் இறக்கவில்லை.

அப்போது காற்று ஒருவர் கையிலிருந்த பொன்னாடையைப் பிடுங்கியது. அது தரையோடு உருண்டு விமானத்தை நோக்கிப் போக, அவரும் குனிந்தபடி பின்னாலேயே ஓடினார். நேரே விசிறியின் பக்கம். மட்டையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்து, எஞ்சினை அணைக்கும்படி விமானிக்குக் காட்டினேன். அதற்குள் அண்ணாச்சி பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். இருவரும் சிமெண்டுத் தரையில் விழுந்தார்கள்.

இரைச்சல் அடங்கியது. வெறும் வெளிச்சமாக இருந்த இடத்தில் மெல்ல ஒரு சாம்பல் வட்டம் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக விசிறியின் அலகுகள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு. விழுந்து கிடந்தவருக்கும் அதற்கும் நாலைந்து எட்டுதான் இடைவெளி. அத்தான் மாலையைக் கீழே இறக்கினார்.

தலைவர் இறங்கி வந்து, "ஏன் இங்கேயே நிப்பாட்டிட்டீங்க?" என்று கேட்டார். மேலாளர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்: "ஐயா, இவங்க கோட்டைத் தாண்டி வந்துட்டாங்க. அதான் நிறுத்தச் சொன்னேன்."

"மாலையெல்லாம் வெளியே வச்சுக்கலாம், போங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அன்று மாலையே மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். விமானியும் தன் பங்குக்கு எழுதி அனுப்பியிருந்தார். அதோடு விவகாரம் முடிந்தது. அதன் பிறகு யாருக்கும் உள்ளே வர அனுமதி கொடுக்கப்படவில்லை.

வீட்டில்தான் முடியவில்லை. "உன் தம்பிகிட்ட சொல்லு, தண்ணி வந்துட்டுன்னு" என்று அக்கா வழியாகவே அத்தான் என்னிடம் பேசினார். வேறு அறை பார்த்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. மறுபடி அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன் என்று அக்காவிடம் சொன்னேன். "மன்னிப்பு கேக்கச் சொல்லி நான் சொன்னேனா?" என்றாள் அக்கா.

ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தானே வாயைத் திறந்தார்.

"அது சுத்துததே எனக்குத் தெரியலலே."

"யாருக்கும் தெரியாது அத்தான்."

"தெரிஞ்சிருந்தா போயிருப்பனா?"

"மாட்டீங்க."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "இவனுக்கு ரெண்டு அப்பளம் வை" என்றார்.

தலைவர் அடுத்த முறை வந்தபோது மேளதாளமெல்லாம் வாசலுக்கு வெளியே. கம்பி வேலிக்கு அப்பால், கூட்டத்துக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார் அத்தான். "பைய, பைய! ஒருத்தனும் தள்ளப்படாது. உள்ள என் மச்சினன் நிக்குதான் வே. பொல்லாதவன்." எல்லோரும் சிரித்தது எனக்கே கேட்டது. காது மூடியை மாட்டிக்கொண்டு, மட்டைகளை உயர்த்தி விமானத்தை வரச்சொன்னேன்.