எரியாத விளக்கு

இன்சூரன்ஸ் சர்வேயரம்மா தரையில் படுத்திருந்தார். ஒரு கன்னம் ஒர்க்‌ஷாப்பின் எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டைத் தொட்டுக்கொண்டிருக்க, ஒற்றைக் கண்ணை மூடி, பள்ளி வேனின் பின் பம்பரை அளந்துகொண்டிருந்தார். வயது ஐம்பத்து மூன்று. உடைக்கு மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. முழங்கை இரண்டிலும் ஒட்டுத்துணி. காதிடுக்கில் சாக்பீஸ்.

"சாக்பீஸ் அக்கா வந்துட்டா நாம வாயைத் திறக்கக் கூடாதுண்ணே," என்று மெக்கானிக், வேன் ஓட்டுநரின் காதோரம் சொன்னார். "முதல்ல வண்டிகிட்டதான் பேசுவாங்க. மனுசங்க முறை அப்புறம்தான்."

ஓட்டுநரிடம் பேச ஒன்றும் மிச்சமில்லை. நான்கு நாளைக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசிப் பிள்ளையை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, முட்டுச்சந்திலிருந்து வேனைப் பின்னால் எடுத்தார், தெருவில் ஒரு கார் வந்தது, படாரென்று சத்தம். 'ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டேன்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். கார்க்காரரும் அதையேதான் சொன்னார். ரிவர்ஸில் இடித்தவர் கையில் மறுபடி பிள்ளைகள் வேனைக் கொடுப்பதில்லை என்பது பள்ளியின் விதி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இந்த அம்மா எழுதும் அறிக்கை போய்ச் சேர்ந்தால் பதினாறு வருட வேலை முடிந்தது. ஆனால் ஓட்டுநரின் தூக்கத்தைப் பறித்தது அது இல்லை. காருக்குப் பதிலாக அங்கே ஒரு குழந்தை நின்றிருந்தால்? அன்றைக்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

சர்வேயரம்மா எழுந்தார். பக்கத்தில் நின்ற அந்தக் காரின் மூக்கில் ஒரு கோடு, வேனின் பம்பரில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே டேப்பைப் பிடித்தார். கீறல் மேல் நகத்தை ஓட்டினார். ஒரு பக்கம் வழுக்கியது, எதிர்ப்பக்கம் சொரசொரத்தது. "ம்ம்," என்றார், வண்டி ஏதோ சொன்னதற்குப் பதில் போல.

"யாரு தப்புன்னு ஒரு தடவைகூட எழுதினதில்லையாம்," என்றார் மெக்கானிக், சும்மா இருக்க முடியாமல். "எது நகர்ந்துச்சு, எது நின்னுச்சு. அவ்வளவுதான் எழுதுவாங்க. சொந்த அத்தான் ஒருநாள் ரிவர்ஸ்ல போய் ஒரு ஸ்கூட்டரைச் சாய்ச்சிட்டாரு. 'அத்தான் வண்டி நகர்ந்தது'ன்னு எழுதிக் குடுத்துட்டு, அன்னைக்கே அவர் வீட்ல சாப்பாட்டுக்கும் போய் உட்கார்ந்தாங்களாம். ரெண்டு வருஷம் அந்த மனுசன் பேசலையே!"

"ரெண்டரை," என்றார் சர்வேயரம்மா, திரும்பாமலே. "நிம்மதியா இருந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரைக் குடு."

உடைந்த பின்விளக்கைக் கழற்றினார். மேல்மூடிதான் நொறுங்கியிருந்தது, உள்ளே பல்புகள் முழுசாக இருந்தன. இரண்டை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்து, கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக ஓட்டுநருக்குத் தோன்றியது.

"தம்பி, இங்க வாங்க. இது பிரேக் பல்பு. உள்ள கம்பியைப் பாருங்க."

சுருள் இழுபட்டு, தொய்ந்து, நூல் போல் தொங்கியது.

"எரிஞ்சிட்டிருக்கிற கம்பி சூட்டுல இளகிக் கிடக்கும். அடி விழுந்தா இப்படித்தான் இழுபடும். அப்போ இடிச்ச நேரத்துல பிரேக் உங்க காலடியில. இப்ப இதைப் பாருங்க. ரிவர்ஸ் பல்பு."

இதில் சுருள் குலையவே இல்லை. ஓரிடத்தில் மட்டும் பட்டென்று ஒடிந்திருந்தது.

"எரியாத கம்பி. அதான் ஒடிஞ்சிருக்கு. கியர் ரிவர்ஸ்ல இல்ல."

ஓட்டுநர் தலையை ஆட்டி மறுத்தார். "இல்ல மேடம். நான் ரிவர்ஸ்லதான் வந்தேன். அந்த பல்பு முன்னாடியே ஃபியூஸ் ஆகியிருக்கும்."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்ணே, காப்பாத்த வந்தவங்ககிட்டயே மல்லுக்கு நிக்கிறீங்க?"

சர்வேயரம்மா மட்டும் கோபப்படவில்லை. சொல்லப்போனால், அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தது. "நல்லாக் கேட்டீங்க. ஃபியூஸ் போயிருந்தா ஒடிஞ்ச நுனி உருகி உருண்டை கட்டியிருக்கும். இது ஊசி மாதிரி இருக்கு பாருங்க. கார் பம்பர் உயரத்துக்கும் கீழ வேன்ல அடி விழுந்திருக்கு. கடைசி நேரத்துல அந்த ஆள் பிரேக் போட்டு, மூக்கு அமுங்கி வந்து இடிச்சிருக்காரு. நீங்க ரிவர்ஸ்ல வந்தது நிஜம். காரைப் பார்த்ததும் உங்க கால் பிரேக்கை மிதிச்சிருக்கு, கை கியரை எடுத்திருக்கு. வண்டி நின்னுடுச்சு. நீங்கதான் அதைக் கவனிக்கல."

ஓட்டுநர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடம் கியர் போட்ட கை, நான்கு நாளாகத் தன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்திருக்கிறது. மயிரை விட மெல்லிய ஒரு கம்பி அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. தரையில் புரண்டு, சட்டையெல்லாம் அழுக்காக்கிக்கொண்டு ஒருவர் அதைக் கேட்டு வாங்கிவிட்டார்.

'வேன் நின்றது. கார் நகர்ந்தது' என்று எழுதி முடித்தார் அந்த அம்மா.

அடுத்த வண்டி உள்ளே வரக் காத்திருந்தது. மெக்கானிக் வேன் சாவியை நீட்டினார். ஓட்டுநர் ஓரடி பின்வாங்கினார். "நீங்களே எடுத்துடுங்க. வாசல் வரைக்கும் ரிவர்ஸ்ல போகணும். எனக்குக் கை வரல."

மெக்கானிக் சர்வேயரம்மாவைப் பார்த்தார். அவர் சாவியை வாங்கி ஓட்டுநர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு நடந்தார்.

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் உறுமியது. கண்ணாடியில் பார்த்தபோது, வேனுக்கு நேர் பின்னால், வாசலின் நட்டநடுவில் சர்வேயரம்மா நின்றுகொண்டிருந்தார். "வரட்டும்," என்று குரல் கொடுத்தார். "வரட்டும், வரட்டும்." இரண்டு கைகளாலும் வண்டியைத் தன்னை நோக்கி அழைத்துக்கொண்டிருந்தார்.