எதிர்பார்க்கும் விடை

கேள்வியை நான் பாதிதான் கேட்டிருந்தேன். அதற்குள் மூன்றாவது பெஞ்சிலும் அதற்குப் பின்னாலும் நான்கு கைகள் உயர்ந்துவிட்டன. ஆறாம் வகுப்பு ஏ பிரிவு, புவியியல் பாடம். மேசைமேல் மூன்று கண்ணாடித் தம்ளர்களில் மணல், களிமண், ஆற்று வண்டல் வைத்திருந்தேன். தண்ணீர் ஊற்றி, எது எவ்வளவு நேரம் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது என்று பிள்ளைகளே பார்த்துப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பது திட்டம். நான் இன்னும் தண்ணீரே ஊற்றவில்லை. முதல் பெண் எழுந்து, வண்டல் மண் ஏன் நெல்லுக்கு ஏற்றது என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்த வாக்கியம் என்னுடையது. முந்தைய வியாழக்கிழமை என் கையால் எழுதியது.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. என் கணவருக்குச் சுங்கத்துறையில் வேலை. தூத்துக்குடியிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி, தினமும் கிடர்பூர் துறைமுகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நாங்கள் வந்து இரண்டு வருடம் கழித்து எனக்கு ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. எங்கள் மகள் ஏற்கெனவே அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் அவள் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியை ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, இனிமேல் வெறும் சாக்பீஸும் வாயும் போதாது என்று சொல்லியிருந்தார். எல்லோரும் வாராவாரம் லெசன் பிளான் எழுத வேண்டும். விளக்கிச் சொல்வது, செய்து காட்டுவது, குழுவாக வேலை செய்ய விடுவது, நடித்துப் பார்க்க வைப்பது என்று வாரத்தில் மூன்று முறைகளாவது வர வேண்டும். நோட்டில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்துக்கு ‘எதிர்பார்க்கும் விடை’ என்று தலைப்பு. மற்ற ஆசிரியைகள் முணுமுணுத்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. வியாழக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூம் பீரோவில் வைப்பேன். சனிக்கிழமை அது தலைமையாசிரியையின் கையெழுத்துக்குப் போய், திங்கட்கிழமை திரும்பி வரும்.

அந்த பீரோவுக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம். இன்னொன்று பி பிரிவுக்குப் புவியியல் எடுத்த தீதியிடம்; பெங்காலியில் அக்காவுக்கு தீதி, அப்படித்தான் நான் அவரைக் கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கரியாஹாட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், எந்த மீன்காரனை நம்பலாம் என்பதில் தொடங்கி எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர். நான் மீன் சாப்பிடுவேன் என்று தெரிந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் லெசன் பிளான் விஷயத்தில் மட்டும் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அதெல்லாம் நாடகம் என்பார். ஒருநாள் என்னைக் கேட்காமலே என் நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததும் சிரித்துக்கொண்டே மூடிவைத்தார்.

கை தூக்கிய அந்த நால்வரில் மூன்று பேர் அவர் வீட்டுக்கு டியூஷன் போகிறவர்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அவர் ஸ்டாஃப் ரூமில் என் பக்கம் நடந்து வந்தால் நோட்டைக் கவிழ்த்துவைப்பேன். டிஃபன் வேளையில் அந்தப் பெண்கள் அவரோடு வராந்தாவில் நின்று பேசினால், ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். பேச்செல்லாம் துர்கா பூஜைக்கு வாங்கிய துணியைப் பற்றித்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வாராவாரம் அந்தக் கைகள் உயர்ந்தன. குழு வேலை என்றாலும், நடிப்பு என்றாலும், விடை முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. தண்ணீர் ஊற்றாத தம்ளரை எடுத்துக்கொண்டு வகுப்பிலிருந்து திரும்புவது எனக்கு அவமானமாக இருந்தது.

அதனால் ஒரு பொறி வைத்தேன். அடுத்த பாடம் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. மூன்று பெண்களைச் சூரியன், பூமி, நிலா என்று நிறுத்திச் சுற்றி நடக்கவைத்து, ஹூக்ளி ஆற்றில் நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கேட்பதாக எழுதினேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். கப்பல்கள் அதற்குக் காத்திருந்துதான் துறைமுகத்துக்குள் நுழையும் என்று என் கணவர் தினமும் சொல்லி எனக்கே மனப்பாடம். ஆனாலும் கடைசிக் கட்டத்தில், ‘ஒரு நாளைக்கு ஒரே முறை, நண்பகலில்’ என்று எழுதிவைத்தேன். தலைமையாசிரியை அதற்கும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவர் படிப்பதில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை கேட்டேன். ஒரே முறை, நண்பகலில் என்று நால்வரும் சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து அது தப்பு என்றாள். காளிகாட்டில் கோயிலுக்குப் பின்னால் ஓடி ஹூக்ளியில் சேரும் கால்வாய்க் கரையில் அவள் வீடு. காலையில் அவள் பல் தேய்க்கும்போது தண்ணீர் நான்காம் படியில் இருந்தால், சாயங்காலமும் ஒருமுறை அங்கே வந்துவிடும் என்றாள். நான்கு பெண்களும் விடவில்லை. இவளும் விடவில்லை. வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தியது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து, அவள் ஒரு வாரம் படியைப் பார்த்து நேரத்தைக் குறித்துவர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நான் அந்த வருடம் நடத்திய பாடங்களில் அதுதான் உருப்படியானது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பொறியில் விழுந்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. மணி அடித்ததும் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

அவர் தீதியையும் கூப்பிட்டார். நான் சொன்னதையெல்லாம் என் எதிரிலேயே அவரிடம் சொன்னார். தீதி தலைமையாசிரியையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, “நானா?” என்று மட்டும் கேட்டார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த சாவிக்கொத்தை எடுத்து, பீரோ சாவியை நிதானமாகக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இனி டியூஷன் எடுக்கக் கூடாது என்றும் அவருக்கு உத்தரவாயிற்று. அந்த மூன்று பெண்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் யாரும் முந்திக்கொண்டு கை தூக்கவில்லை; நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது வாரம் பருவக்காற்றுப் பாடம். நோட்டு என் கைப்பையை விட்டு வெளியே போகவில்லை. சனிக்கிழமை தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டு, அவர் கையெழுத்துப் போடும்வரை எதிரிலேயே நின்று வாங்கிவந்தேன். திங்கட்கிழமை அதே நான்கு கைகள் உயர்ந்தன.

அன்று டிராமில் வீடு திரும்பும்போது என் பை மடியில் கனத்தது. பள்ளியில் இல்லையென்றால் வேறு எங்கே? சந்தேகம் எனக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விட்டது. கணவர் ஆபீசில் யாரிடமாவது பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாரா, அவர்களுடைய பெண் யாராவது இந்த வகுப்பில் இருக்கிறாளா என்று சுற்றிவளைத்து விசாரித்தேன். அவர் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பாத்திரம் தேய்க்க வந்த மாஸிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அது தெரிந்தும், அவர் சாப்பாட்டு மேசையைத் துடைக்கும்போது கூடவே நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த வியாழக்கிழமை எழுதி முடித்துவிட்டு, கறிவேப்பிலை வாங்கக் கீழே இறங்கினேன். பாதி வழியில்தான் பர்ஸை எடுக்கவில்லை என்று தெரிந்தது. திரும்பி மாடியேறினேன். கதவு நான் விட்டுப்போனபடியே ஒருக்களித்திருந்தது. உள்ளே என் மகள் டெலிபோனில் பெங்காலி கலந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு இல்லை, வாசிப்பு. கேள்வி மூன்று என்றாள். விடையைச் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, “லிகெச்சிஸ்?” என்றாள். எழுதிட்டியா என்று. பிறகு கேள்வி நான்கு. என் நோட்டு அவள் மடியில் விரிந்திருந்தது.

“யாருட்டி போன்ல?”

அவள் ரிசீவரை வைத்துவிட்டாள். பொய் சொல்ல முயற்சிகூடச் செய்யவில்லை. நான் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எப்போதிருந்து என்று கேட்டேன். மண் பாடத்திலிருந்து என்றாள். ஏன் என்று கேட்டதற்கு நோட்டை மூடி மேசைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள்.

“நீங்க ஸ்கூலுக்கு வந்தப்புறம் என்கூட யாரும் டிஃபனுக்கு உக்காரல. என்ன பேசினாலும் உங்ககிட்ட போய்ச் சொல்லிருவேனாம். அதான், உங்ககிட்ட இருக்கிறத அவங்களுக்குச் சொன்னேன்.”

வகுப்பில் அவள் ஒருநாளும் கை தூக்கியதில்லை. டீச்சர் மகள் என்று முந்திக்கொள்ளக் கூடாதென்று அடக்கமாக இருக்கிறாள் என நினைத்திருந்தேன். குழு வேலையில் அந்த நான்கு பெண்கள் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொண்டதைப் பார்த்து, குழு முறை கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு நல்லது என்று நோட்டில் குறிப்பே எழுதியிருந்தேன். ஊரெல்லாம் தேடிய கண்ணில் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்தவள் படவில்லை. அவள் மேல் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் சொன்னேன். முடிந்துபோன விஷயத்தைக் கிளற வேண்டாம், உங்கள் மகள் பெயரும் கெடும் என்றார். பீரோ சாவியை மட்டும் என்னிடம் கொடுத்து, தீதியிடம் நானே சேர்த்துவிடும்படி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கரியாஹாட்டில் தீதியின் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் முதலில் விசாரித்தது என் மகளைத்தான்.

“பொண்ணை அடிச்சீங்களா?”

இல்லை என்றேன். நல்லது என்றார். பிறகு, நான் நோட்டைக் கவிழ்த்துவைத்ததை முதல் நாளே கவனித்ததாகச் சொன்னார். நாடகம் என்று கேலி பண்ணிவிடுவார் என்று பயந்து மறைக்கிறேன் போலும் என நினைத்தாராம். அன்று என் நோட்டைப் புரட்டியது, அந்த மண் சோதனையைத் தன் பிரிவிலும் செய்து பார்க்கலாமா என்று யோசித்துத்தானாம். டீ கொடுத்தார். சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

பெங்காலியில் நம் ‘நீ’யைப் போல நெருக்கமானது ‘துமி’. ‘ஆப்னி’ நம் ‘நீங்கள்’. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னைத் துமி என்றுதான் கூப்பிட்டிருந்தார். அன்று மாடிப்படியில் என்னை வழியனுப்பும்போதுதான், அவர் பேச்சு முழுவதும் ஆப்னியாக இருந்தது என்பது எனக்கு உறைத்தது. எங்களுக்கு மாற்றல் வரும்வரை, இன்னும் மூன்று வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். மரியாதைக்குக் குறைவே இல்லை. மரியாதை மட்டும்தான் இருந்தது.

மகளை பி பிரிவுக்கு மாற்றும்படி நானே எழுதிக்கொடுத்தேன். முதல் ஒரு மாதம் அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். அங்கே தீதி சாக்பீஸையும் வாயையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். நடுவில் ஒரு வாரம் மூன்று தம்ளர்களில் மண்ணும் வந்ததாக மகள் சொன்னாள். நான் என் நோட்டில் கடைசிக் கட்டத்தைக் காலியாகவே விட ஆரம்பித்தேன். தலைமையாசிரியை அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

வருடக் கடைசியில் பெற்றோர் கூட்டம். ஏ பிரிவு அம்மாக்களையெல்லாம் அனுப்பிவிட்டு, நானும் ஓர் அம்மாவாகப் பக்கத்து அறை வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் தீதி எதிர் நாற்காலியைக் காட்டினார். மதிப்பெண் பட்டியலை என் பக்கம் திருப்பிவைத்தார். புவியியலில் சுமார்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உங்க பொண்ணு வகுப்புல ரொம்பப் பேசறா. கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள தப்புத் தப்பா எதையாவது சொல்றா. வீட்ல கொஞ்சம் சொல்லி வைங்க” என்றார்.

சொல்கிறேன் என்றேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மா நகர்ந்து வந்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.